யாருக்காகப் பிறந்த மீன்?

ஜூன் மாதத்தின் முதல் இரண்டு வாரங்களில் இந்தியாவின் இரண்டு கரைகளிலும் விசைப்படகுகள் கடலுக்குள் போவதில்லை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 அன்று தொடங்கிய 61 நாள் தடை ஜூன் 14 வரை நீடிக்கும். மேற்குக் கரையில் ஜூன் 1 அன்றுதான் தடை ஆரம்பிக்கும். இரண்டு தடைகளும் சேர்ந்திருக்கும் அந்த நாட்களுக்குள்தான், ஜூன் 7 அல்லது 8ஆம் தேதி, மிருகசிரா கார்த்தி வருகிறது. சூரியன் மிருகசீரிட நட்சத்திரத்துக்குள் நுழையும் அன்று மீன் சாப்பிட வேண்டும் என்பது தெலங்கானா வழக்கம். வெயில் தணிந்து மழை பிடிக்கும் வேளையில் உடம்புக்குச் சூடு வேண்டும், மீன் தின்றால் நோய் அண்டாது என்பார்கள். கடல் குறைவாகக் கொடுக்கும் நாளில் ஊர் அதிகமாகக் கேட்கிறது. முஷீராபாத் மீன் சந்தையில் அன்று கால் வைக்க இடமிருக்காது.

ஹைதராபாத்தின் வடகிழக்கு ஓரத்தில் உள்ள குஷாய்குடாவுக்கும் இது பொருந்தும். 1967இல் தொடங்கிய எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன், ஊர் வாயில் ஈசிஐஎல், பக்கத்தில் இருக்கிறது. 1971இல் வந்த அணு எரிபொருள் வளாகமும் அருகில்தான். வேலைக்கென்று பல மாநிலத்தாரும் வந்து தங்கிவிட்ட பகுதி. தெலுங்குக் குடும்பம் கொர்ரமீனு தேடும். நமக்கு அது விரால். வங்காளிக்கு ரோகுவின் தலை வேண்டும். தமிழ் வீடுகளுக்கு வஞ்சிரமோ சங்கராவோ கிடைத்தால்தான் மீன் வாங்கிய நிறைவு. கடல் சுமார் 300 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதால் அந்த நிறைவு எப்போதும் ஐஸ் பெட்டியில்தான் வருகிறது. கேட்பது எந்த மீனானாலும் கூடவே ஒரு கேள்வியும் வந்துவிடும்: இது செருவு (ஏரி) மீனா, பண்ணையில் வளர்த்ததா, கடலில் பிடித்ததா?

ருசிக்காகவும் உடம்புக்காகவும் கேட்கப்படும் கேள்விதான். பண்ணை மீன் என்று தெரிந்தால் பலர் முகம் சுளிக்கிறார்கள். தானாக வளர்ந்தது என்றால் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். ஆனால் இந்தக் கேள்விக்கு அடியில் இரண்டாயிரம் ஆண்டுப் பழைய வழக்கு ஒன்று தீர்ப்பில்லாமல் கிடக்கிறது. ஓர் உயிரின் சாவுக்குப் பொறுப்பு யார்: கொன்றவரா, விற்றவரா, தின்றவரா? தின்பவருக்காகவே அந்த உயிர் பிறப்பிக்கப்பட்டது என்றால் அவர் பொறுப்பு கூடுகிறதா, குறைகிறதா?

மிருகசிரா அன்று நாம்பள்ளி கண்காட்சி மைதானத்தில் நடக்கும் சடங்கு இந்தக் கேள்வியைத் தொண்டைவரை கொண்டுவந்துவிடுகிறது. பத்தினி கௌடு குடும்பத்தார் ஆஸ்துமாக்காரர்களுக்கு அங்கே இலவசமாக மீன் பிரசாதம் கொடுக்கிறார்கள். 1845இல் வீரண்ண கௌடுக்கு ஒரு சாது சொல்லிக்கொடுத்தது என்பது குடும்பத்தின் கூற்று. இரண்டு மூன்று அங்குல விரால் குஞ்சின் வாயில் மஞ்சள் நிற மருந்தை அடைத்து, குஞ்சை உயிரோடு நோயாளியின் தொண்டைக்குள் இறக்குவார்கள். துள்ளிக்கொண்டே இறங்கும் குஞ்சு மூச்சுவழியின் அடைப்பை நீக்கும் என்று நம்பிக்கை. சைவ உணவுக்காரர்களுக்கு மருந்தை வெல்லத்தில் வைத்துக் கொடுப்பதும் உண்டு. இதற்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. பகுத்தறிவு அமைப்புகள் நீதிமன்றம்வரை போன பிறகு மருந்து என்ற பெயர் மாறி பிரசாதம் என்று ஆனது. கொரோனாவால் 2020 முதல் மூன்று ஆண்டுகள் நின்றுபோய், 2023இல் மீண்டும் தொடங்கியது.

பிரசாதம் தெய்வம் தருவது. குஞ்சைத் தருவதோ மீன்வளத் துறை. அன்றைக்கு வேண்டிய பல்லாயிரம் விரால் குஞ்சுகளைத் துறை முன்கூட்டியே கணக்குப் போட்டுத் திரட்டி, தொட்டிகளில் கொண்டுவந்து நிறுத்துகிறது. பக்தியும் கூடக் கொள்முதல் இல்லாமல் நடப்பதில்லை.

கொள்முதலைப் பற்றித் தமிழில் முதலில் கறாராகப் பேசியவர் வள்ளுவர். புலால் மறுத்தல் அதிகாரத்தில் அவர் சொல்வது பொருளாதாரம் படித்தவர்களுக்கு உடனே புரியும்: தின்பதற்கு ஆள் இல்லாவிட்டால் விலைக்கு விற்கவும் ஆள் இருக்கமாட்டார். கொன்றது நான் இல்லையே என்று வாங்குபவர் நழுவும் வழியை இந்த ஒரே வாதம் அடைத்துவிடுகிறது. கொலையின் தொடக்கம் கத்தியில் இல்லை, கேட்பவரிடம் இருக்கிறது என்பது அவர் கட்சி.

பௌத்தம் இவ்வளவு தூரம் போகவில்லை. துறவிகள் மீனும் இறைச்சியும் தொடக்கூடாது என்று விதி செய்யும்படி தேவதத்தன் கேட்டபோது புத்தர் மறுத்துவிட்டார் என்று விநய நூல் சொல்கிறது. தனக்கென்று கொன்றதைப் பார்த்திருக்கக் கூடாது, கேட்டிருக்கக் கூடாது, அப்படியொரு சந்தேகமும் இருக்கக் கூடாது. இந்த மூன்றும் இல்லையென்றால் பிச்சைப் பாத்திரத்தில் விழுந்த மீனை உண்ணலாம். சமணர்களுக்கு இது ஏற்பில்லை. சமணக் காப்பிய நாயகி நீலகேசி பௌத்தர்களோடு நடத்தும் வாதங்களில் ஊன் உண்ணும் விவகாரமும் ஒன்று. தமிழ்நாட்டின் பழைய சமய மேடைகளில் நுகர்வோரின் பொறுப்பு இப்படித்தான் விவாதிக்கப்பட்டது. அந்த மூன்று நிபந்தனைகளும் பிச்சை எடுப்பவருக்கு வகுக்கப்பட்டவை. காசு கொடுத்து, தலையை வெட்டிக் குழம்புக்குத் துண்டு போடச் சொல்பவர் அந்த நிழலில் ஒதுங்க முடியாது.

இப்போது பண்ணை மீனுக்கு வருவோம். அது சந்தேகத்துக்கே இடமில்லாமல் தின்பவருக்காகப் பிறந்தது. கட்லா, ரோகு, மிரிகால் மூன்றும் தேங்கிய குளத்தில் முட்டையிடாதவை. மழைக்காலத்து ஆற்று ஓட்டம் வேண்டும். அந்த விதியை 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குல் என்ற ஊரில் ஹிராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி முறியடித்தார். வேறு மீன்களின் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டதும் கெண்டை இன மீன்கள் ஆற்றை மறந்து முட்டையிட்டன. ஆண்டுதோறும் ஜூலை 10 தேசிய மீன் விவசாயிகள் நாளாகக் கொண்டாடப்படுவது இதற்காகத்தான். ஆந்திராவில் கொல்லேறு ஏரியைச் சுற்றியும் கைகலூர், பீமவரம் பக்கமும் விரிந்து கிடக்கும் குளங்களுக்கு வித்து அந்த ஊசிதான். இணை சேரும் நேரத்தைக்கூட ஆர்டர்தான் தீர்மானிக்கிறது.

இந்தியாவில் 2022-23இல் உற்பத்தியான மீன் 175 லட்சம் டன்னைத் தாண்டியது. அதில் கடலின் பங்கு சுமார் 44 லட்சம் டன்; மற்றதெல்லாம் உள்நாட்டு நீர். உலக அளவிலும் தராசு சாய்ந்துவிட்டது. ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022இல் வளர்ப்பிலிருந்து கிடைத்த நீர்வாழ் உயிரினங்கள் 9.44 கோடி டன், பிடித்தவை 9.1 கோடி டன். வளர்ப்பு முந்தியது அதுவே முதல் முறை. ஆடு மாடு விஷயத்தில் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நடந்த மாற்றம் மீன் விஷயத்தில் நம் கண்ணெதிரே நடந்து முடிந்திருக்கிறது.

நாங்கள் கேட்காவிட்டால் இந்த மீன் பிறந்தே இருக்காதே, ஒரு வாழ்க்கையைக் கொடுத்துத்தானே எடுத்துக்கொள்கிறோம் என்று ஒரு வாதம் உண்டு. பன்றிக்கறி தின்பவர்களால்தான் பன்றி இனமே வாழ்கிறது என்று இங்கிலாந்தில் லெஸ்லி ஸ்டீஃபன் சொன்னது இதையேதான். அதற்கு 1914இல் பதில் எழுதிய ஹென்றி சால்ட், பிறக்காத ஒன்றுக்கு நன்மை செய்ததாக யாரும் உரிமை கொண்டாட முடியாது என்றார். பிறந்த பிறகுதான் நன்மை தீமைக் கணக்கே தொடங்கும் என்பது அவர் மறுப்பு. லண்டனில் மாணவராக இருந்த காந்தியைக் கொள்கை வழியாகச் சைவ உணவுக்காரராக்கியது இதே சால்ட் எழுதிய இன்னொரு சிறு நூல். சால்ட்டின் மறுப்பு இன்னும் உடைபடவில்லை. கொல்லேறுக் குளத்தில் கொடுக்கப்படும் வாழ்க்கை எப்படிப்பட்டது என்று பார்த்தால் அந்த வாதம் மேலும் மெலிகிறது. நெருக்கிப் போட்ட குஞ்சுகள், அளந்து போடும் தவிடு, எடை வந்ததும் வலை. மீனுக்கு வலி தெரியாது என்று சொல்லித் தப்பிக்கவும் இப்போது வழியில்லை. 2003இல் லின் ஸ்னெட்டனும் சக ஆய்வாளர்களும் டிரவுட் மீனின் தலைப்பகுதியில் வலியுணர் நரம்புகள் இருப்பதைக் காட்டினார்கள். அதிலிருந்து பலருக்குக் கேள்வி, வலிக்குமா என்பதைத் தாண்டி எவ்வளவு வலிக்கும் என்பதற்கு நகர்ந்துவிட்டது.

மீன் வளர்த்தவர்களின் வரிசையில் முதல் ஆள் நம் புராணத்திலேயே இருக்கிறார். சதபத பிராமணத்தில் மனுவின் கையில் சிக்கிய சிறு மீன், பெரிய மீன்களிடமிருந்து காப்பாற்று என்று கேட்கிறது. அவர் குடத்தில் வளர்க்கிறார், பிறகு பள்ளத்தில் வளர்க்கிறார், வளர்ந்ததும் கடலில் விடுகிறார். பிரளயத்தில் அந்த மீன் அவர் தோணியை இழுத்துக் காப்பாற்றுகிறது. பாகவதத்தில் இதே கதையின் நாயகன் சத்தியவிரதன் என்னும் திராவிட மன்னன். மீன் கிடைத்த ஆறு கிருதமாலை, அதாவது வைகை என்று கருதப்படுவது. இப்படிப் படிப்படியாகப் பெரிய நீர்நிலைக்கு மாற்றுவது இன்றைய குஞ்சுப் பொரிப்பகத்து நடைமுறைதான். முடிவுதான் வேறு. அடைக்கலம் கேட்ட மீனை வளர்த்தவன் தின்னவில்லை.

அப்படியானால் கடலில் தன்போக்கில் வாழ்ந்து வலையில் விழுந்த மீன்தான் நியாயமான மீனா? பலர் மனத்தில் இருப்பது இந்த எண்ணம். அதற்குத் தமிழில் ஒரு நாயன்மாரே சாட்சி. நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் பிறந்த பரதவர் தலைவர் அதிபத்தர், தினமும் வலையில் விழும் மீன்களில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவார். பல நாள் ஒரே ஒரு மீன்தான் கிடைத்தது. அதையும் விட்டார், குடும்பம் பட்டினி கிடந்தது. கடைசியில் விழுந்தது பொன்னும் மணியுமான மீன். அதுவும் கடலுக்கே போயிற்று. பெரிய புராணத்தில் சேக்கிழார் சொல்லும் இந்த வரலாற்றைப் பக்தியின் உச்சமாக மட்டும் படிப்பது வழக்கம். பிடிப்பவனுக்கு ஒரு வரம்பு வேண்டும் என்ற தொழில் அறமும் அதில் இருக்கிறது. கடல் கொடுத்ததில் ஒரு பங்கு கேட்காமலே கடலுக்குத் திரும்புகிறது. பண்ணைக் குளத்தில் இப்படி விடுவதற்கு அர்த்தமே இல்லை. அங்கே விட்ட மீனும் விட்டவரின் சொத்து.

ஆனால் அதிபத்தரின் கடல் வேறு, இழுவை வலையின் கடல் வேறு. 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் ஆமைகள் செத்து ஒதுங்கின. எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது, பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. மூச்சுவிட மேலே வர முடியாமல் இழுவை வலைக்குள் சிக்கும் சிற்றாமைகளின் சாவு அது. இந்தியப் படகுகளின் வலைகளில் ஆமை தப்பிக்கும் அமைப்பு இல்லை என்பதற்காக, கடலில் பிடித்த இந்திய இறாலை அமெரிக்கா 2019 முதல் வாங்குவதில்லை. பண்ணை இறாலை மட்டும் வாங்குகிறது. இயற்கையில் வளர்ந்தது என்ற பெருமையோடு தட்டுக்கு வரும் மீனுக்குப் பின்னால், யாரும் கேட்காத, யாரும் தின்னாத உயிர்கள் வரிசையாக நிற்கின்றன. வள்ளுவர் கணக்கில் அவையும் வாங்கியவர் பெயரில்தான் ஏற வேண்டும்.

பண்ணை இறால் சுத்தமான கணக்கு என்று அமெரிக்கா நினைத்துக்கொள்ளலாம். நாகை மாவட்டத்து விவசாயக் கூலிகள் அப்படி நினைக்கவில்லை. 1990களில் இறால் பண்ணைகளின் உப்பு நீர் வயல்களுக்கும் கிணறுகளுக்கும் ஏறியபோது, சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் சத்தியாகிரகம் நடத்தினார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த இறால் பண்ணைகளை அகற்ற உத்தரவிட்டது. 2005இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புச் சட்டம் பண்ணைகளுக்குப் பதிவு முறையைக் கொண்டுவந்து அவற்றுக்கு மீண்டும் இடம் கொடுத்தது.

இறாலிலும் கொடுவாயிலும் இன்னொரு சிக்கல் தீவனம். அவற்றுக்கு மீன்தூள் வேண்டும். அந்தத் தூள் கடலில் பிடித்த மத்தி போன்ற சிறு மீன்களை அரைத்துச் செய்வது. ஏழை வீட்டுக் குழம்புக்கு வர வேண்டிய மீன் பணக்கார மீனுக்கு இரையாகிறது. இதைத் தடுக்கும் ஒரு வாசகம் கல்வெட்டிலேயே இருக்கிறது. பட்டம் சூடி 26 ஆண்டுகள் ஆனபின் அசோகர் வெட்டிய ஐந்தாம் தூண் சாசனம், குறிப்பிட்ட நாட்களில் மீனைக் கொல்லக் கூடாது, விற்கவும் கூடாது என்கிறது. கொல்வதோடு நிறுத்தாமல் விற்பனையையும் அரசன் சேர்த்ததிலிருந்து, கேட்பவர் இருக்கும்வரை கொலை நிற்காது என்பது அவருக்கும் தெரிந்திருந்தது என்று கொள்ளலாம். அதே சாசனத்தில் இன்னொரு கட்டளை: ஓர் உயிரை இன்னோர் உயிரைக் கொண்டு வளர்க்கலாகாது. மீன்தூள் தொழிற்சாலைகளுக்கு எதிராக இவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் எழுதிவிடவில்லை. இந்தியாவில் 2000ஆம் ஆண்டிலிருந்தே தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியைக் கோழிக்கழிவு போட்டு ஒளித்து வளர்ப்பவர்கள் ஹைதராபாத்தைச் சுற்றி அவ்வப்போது பிடிபடுவது உண்டு. அந்தக் கட்டளை அவர்களுக்கும்தான்.

கெண்டை இனங்கள் இந்தக் குற்றத்திலிருந்து பெரும்பாலும் விடுபடுகின்றன. தவிடும் பிண்ணாக்கும் போதும். விரால் அப்படியில்லை, அது பிறவி வேட்டைக்காரன். காற்றை நேரே சுவாசிக்கும் என்பதால் கடைத் தொட்டியில் உயிரோடு கிடக்கும், வெட்டும்வரை புதியது என்று விலை ஏறும். தெலங்கானாவின் மாநில மீனும் இதுதான். குஷாய்குடாக்காரர் அதிகம் ஆசைப்படும் மீன், அசோகர் தராசில் கனமான மீன்.

சமய விதிகள் எல்லாமே இந்தத் திசையில் யோசிப்பதில்லை. மீனை ஹலால் முறையில் அறுக்கத் தேவையில்லை என்பது இஸ்லாமியருக்குப் பொது விதி. ஹனஃபி மரபில், தானாகச் செத்து மிதக்கும் மீன் மட்டும் விலக்கு. மீன் வளர்ந்ததா வளர்க்கப்பட்டதா என்று அந்த விதி கேட்பதில்லை. ஹைதராபாத்தின் ஜாமியா நிஜாமியா 2018 தொடக்கத்தில் இறாலை உண்ணலாகாது என்று ஃபத்வா கொடுத்தபோதும் பேச்சு இறால் மீனினமா என்பதைப் பற்றித்தான் இருந்தது. அது கிடைத்த வழி பற்றிய பேச்சு எழவில்லை.

தெலங்கானாவின் செருவுகளில் இருக்கும் மீன், பண்ணை என்றும் இயற்கை என்றும் பிரித்த பட்டியல்களில் எதிலும் முழுதாக அடங்குவதில்லை. காகதீயர் காலத்திலிருந்து வெட்டப்பட்ட ஏரிகளின் தேசம் இது. 2016-17 முதல் மாநில அரசு கட்லா, ரோகு, மிரிகால், சாதாக் கெண்டைக் குஞ்சுகளை மழைக்காலத்தில் இந்த ஏரிகளில் இலவசமாக விடத் தொடங்கியது. குஞ்சு ஊசியால் பிறந்ததுதான். ஆனால் ஏரிக்குள் விழுந்த பிறகு அதற்குப் படியளப்பவர் இல்லை. பாசியும் புழுவும் தேடித் தின்று, கொக்குக்கும் பெரிய மீனுக்கும் தப்பி, கோடைவரை தன்போக்கில் வாழ்கிறது. நீர் வற்றும்போது கங்கபுத்திரர், முதிராஜ் சமூகத்துக் கூட்டுறவுச் சங்கத்தார் வலை போடுகிறார்கள். பிடிபடாமல் தப்பும் மீனும் உண்டு. பிறப்பில் பண்ணை, வாழ்வில் காடு.

மீன் தின்பதை விடாதவருக்கு இருப்பதில் குறைந்த கடன் இந்த மீன்தான். இதை வளர்க்க வேறு மீனை அரைக்கவில்லை, ஆமை சாகவில்லை, அடுத்தவர் வயலில் உப்பு ஏறவில்லை. கொலை கொலைதான், வள்ளுவர் இதற்கும் விலக்குக் கொடுக்கமாட்டார். பண்ணையா கடலா என்ற கேள்வியைவிட, எதைத் தின்று வளர்ந்தது, கூடவே என்னென்ன செத்தது, பிடித்தவருக்கு என்ன கிடைத்தது என்ற மூன்று கேள்விகள் அறத்துக்குப் பக்கத்தில் இருக்கின்றன. சந்தையில் இந்த மூன்றுக்கும் விலைப்பட்டியல் இல்லை. செருவு மீன் என்று சொல்லி ஆந்திரத்து ஐஸ் பெட்டி மீனை விற்றாலும் வாங்குபவருக்குத் தெரியாது. ஹைதராபாத் ராஜேந்திரநகரில் மீன் வடிவக் கட்டடத்தில் இயங்கும் தேசிய மீன்வள மேம்பாட்டு வாரியம், எந்த நீரில் வளர்ந்து எப்படிப் பிடிபட்டது என்று கடைப் பலகையில் எழுதும் வழக்கத்தை இந்த நகரத்திலிருந்தே தொடங்கிவைக்கலாம்.

குஷாய்குடாவுக்கு அருகில் காப்ரா ஏரி இருக்கிறது. சுற்றியுள்ள குடியிருப்புகளின் கழிவுநீர் கலந்து, ஆகாயத்தாமரை படர்ந்து, அதன் மீனை நம்பி வாங்க முடியாத நிலை. ஏரியைக் காப்பாற்றக் கோரி உள்ளூர் மக்கள் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்துவருகிறார்கள். செருவு மீன்தான் வேண்டும் என்று கடைக்காரரிடம் பிடிவாதம் பிடிப்பவர்கள் அந்த மக்களோடும் ஒருநாள் போய் நின்று, கழிவுநீர்க் குழாயை ஏரியிலிருந்து திருப்பச் சொல்லி மாநகராட்சிக்கு மனுக் கொடுக்கட்டும்.